நிழல் தெற்கே விழும் மாதம்

பட்டப்பகலில் கடற்கரைச் சாலையின் நடுவே, குடையில்லாமல், தொப்பியில்லாமல், தன்னுடைய நிழல் காணாமல் போய்விட்டது என்று நாலு பேருக்கு நிரூபிப்பதற்காக ஒருவன் நின்றுகொண்டிருந்தால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நான்தான். 1955, ஜூன் இருபத்தொன்று. எனக்கு அப்போது வயது இருபத்தேழு. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

வருடத்தின் மிக நீண்ட பகலன்று சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அலுவலகத்தில் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு தட்டு மசால் வடைக்குப் பந்தயம் கட்டினேன். புத்தகம் எழுதியவர் கடக ரேகை ஓடும் போபால் பக்கத்து ஊர்களை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், நான் புதுச்சேரியில் நிற்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வடக்குப் பார்த்து நின்று குனிந்து தேடினேன். நிழலைக் காணோம். "பார்த்தீங்களா!" என்று கூவினேன். எதிர்ச் சாரியில் நின்ற சகாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது குடையை வடக்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். எங்கள் அலுவலகத்துக்காரர்தான். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில்.

"நிழலு எங்க போவும்? உன் பின்னால குந்திகினு இருக்குது. தெக்கால திரும்பிப் பாரு."

திரும்பினேன். ஒன்றரைச் சாண் நிழல், திருட்டுப் பூனை மாதிரி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். சாலையில் குந்தி என் நிழலை அளந்தார்.

"முப்பத்தி நாலு சென்டிமீட்டர். அப்பன்னா நீ ஒரு மீட்டர் அறுபத்தேழு. அடையாள கார்டுல எழுபதுன்னு போட்டிருக்கியே?"

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்:

"இன்னொண்ணு. நீண்ட பகலு இன்னைக்கு இல்ல. நாளைக்கு."

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதில் ஒரு பிழை இருக்கும், அதைச் சுட்டிக்காட்ட அவர் இப்போது பக்கத்தில் இல்லை.

பொதுப்பணி அலுவலகத்தில் அவர் வரைபடம் போடுபவர். நான் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே "அண்ணே". பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒரு வருடம்கூட ஆகாத காலம். மேசை, நாற்காலி, மீட்டர் கணக்கு, நீண்ட மதிய இடைவேளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியதும் அலுவலகமே எழுந்துவிடும். அவர் மட்டும் எழமாட்டார்.

"ஏண்ணே, பசிக்கலையா?"

"சங்குக்குப் பசிக்குது. சூரியன் இன்னும் உச்சிக்கு வரல."

கடிகாரம் நாட்டுக்கெல்லாம் பொதுவாக ஓடுகிறதாம். புதுச்சேரியின் நடுப்பகல் அதற்குப் பிறகுதான் வருகிறதாம். ஜூன் மாதக் கடைசியில் அது சரியாகப் பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் குடையை எடுப்பார்.

பிழையைக் கண்டால் அவருக்கு உடம்பு தாங்காது. மற்றவர்களுக்குத் தும்மல் வருகிற மாதிரி அவருக்குத் திருத்தம் வரும். இடம், பொருள், ஏவல் எதுவும் அதைத் தடுக்காது. முத்தியால்பேட்டையில் தாயாரோடும் விதவையான அக்காவோடும் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை அக்காதான் எனக்குச் சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போனோம் தம்பி. பொண்ணோட அப்பா இருவது வயசுன்னாரு. இவன் சும்மா இருக்கலாமில்ல? பொண்ணோட தம்பி எப்பப் பொறந்தான், பொண்ணு அவனுக்கு எத்தினி வயசு மூப்புன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, இருவத்தி மூணுன்னுட்டான். கேசரித் தட்டக் கையில வெச்சிக்கிட்டே சொல்றான்!"

"அப்புறம்?"

"கேசரியோட எழுந்து வந்தோம்."

இதே வியாதி பழைய நாளிலும் அவரை விட்டதில்லை. பிரெஞ்சு மேலதிகாரி ஒருவர் ஜூன் இருபத்துநாலு சாயங்காலம், கிறிஸ்தவர்களின் அருளப்பர் திருநாளுக்காகத் தன் வீட்டு முற்றத்தில் விறகடுக்கித் தீமூட்டி, அலுவலகத்தாரை அழைத்திருந்தாராம். எங்கள் தேசத்தில் வருடத்தின் நீண்ட பகலை இப்படித்தான் நெருப்பு வைத்துக் கொண்டாடுவோம் என்று கோப்பையை உயர்த்தியிருக்கிறார். இவர் நல்ல பிரெஞ்சில், மிகுந்த மரியாதையுடன், "மன்னிக்க வேண்டும் முஸ்யே, அது முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது" என்றாராம். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு நாளா, மூணு நாளான்னு நான் வீட்டுக்கு வந்து மறுபடியும் பாத்தேன். ரெண்டுதான்" என்றார். வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

அவர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் உயர இரும்புக் கம்பி ஒன்று நட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் சரியான நடுப்பகலில் அதன் நிழல் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். மற்ற நாட்களில் அலுவலகத்திலிருந்து சைக்கிளில் வந்து, பிந்திய நிமிடங்களுக்குக் கணக்குப் பார்த்துத் திருத்திக் கோடு போட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். மார்கழியில் கம்பிக்கு வடக்கே நீளமாகக் கிடக்கும் நிழல் நாளுக்கு நாள் குறுகும். சித்திரையில் ஒரு நாள் கம்பிக்குள்ளேயே மறையும். அதற்கப்புறம் தெற்கே முளைக்கும். ஜூன் மாதம் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ தெற்கு நிழல் அதன் முழு நீளத்தை எட்டும். நாற்பது சென்டிமீட்டரும் கொஞ்சமும். அதோடு சூரியனின் வடக்குப் பயணம் முடிந்தது. பிறகு திரும்பும், ஆவணியில் இன்னொரு நாள் நிழல் மறையும்.

"அது ஏண்ணே இருபத்தொண்ணோ இருபத்திரெண்டோ? ஒரு தேதிய வெச்சிக்கக் கூடாதா?"

"நாலு வருஷத்துல ரெண்டு தடவ அது, ரெண்டு தடவ இது. லீப் வருஷம் வந்து இழுத்துப் பிடிக்கும். சூரியன் என்னா உங்க ஆபீஸ் பியூனா, தேதிக்கு வர்றதுக்கு?"

திரும்பும் நாளன்று தெருக்கதவில் சுண்ணாம்புக் கட்டியால் 'இன்று திரும்புகிறது' என்று எழுதி வைப்பார். தெருவில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. பால்காரர்கூட "இன்னைக்குத் திரும்புதாமே" என்று எனக்குச் செய்தி சொல்லியிருக்கிறார்.

ஊர்க் கணக்கு வேறு. ஊருக்கு ஆடி முதல் நாள்தான் தட்சிணாயனம். அதுவரை சூரியன் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. கோயில் குருக்களிடம் போய் இருபத்தைந்து நாள் பிந்தியிருக்கிறீர்கள் என்று இவர் வாதாடினார். பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, நிழல் சூரியனைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன, இப்போது பிரிந்துவிட்டன என்று மணலில் படம் போட்டுக் காட்டினார். குருக்கள் பொறுமையாகக் கேட்டார்.

"நீர் சொல்றது சரியாவே இருக்கட்டும். சூரியன் திரும்பிட்டான். ஊர் இன்னும் திரும்பலையே, நான் என்ன பண்றது?"

இப்படிப்பட்ட மனிதரை ஊர் வெறுத்திருக்க வேண்டும். வெறுக்கவில்லை. அலுவலகத்தின் வடக்குச் சுவர் ஓரம் பூ விற்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். மாசி வரை அங்கே நல்ல நிழல். வைகாசி பிறந்தால் பூவெல்லாம் வாடும். சாமி குத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு நாள் அவளுடைய கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தெற்குச் சுவர் ஓரம் வைத்தார். "ஆவணி வரிக்கும் வெயிலு வடக்கால இருந்துதான் வரும். நீ இங்க குந்து" என்றார். "இந்த ஆளுக்குப் பைத்தியம்" என்றாள் அவள். ஆனால் அங்கேயே உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும், இவர் சொன்ன பிறகுதான் இடம் மாறுவாள்.

எனக்கு மட்டும் அவர்மேல் ஒரு சின்னக் காந்தல் இருந்தது. நாலு வருடமாக நான் வாயைத் திறந்தபோதெல்லாம் திருத்தப்பட்டவன். என் கடிதங்கள், என் கூட்டல், என் உயரம் எல்லாம் திருத்தப்பட்டன. ஒரே ஒரு தடவை, ஒன்றே ஒன்றில், அவரை நான் திருத்த வேண்டும் என்ற ஆசை உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. படித்தவனுக்கு வருகிற ஆசைகளில் இது மிகவும் மட்டமானது.

1959இல் அவருடைய தாயார் படுத்துவிட்டார். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. எழுத்து தெரியாது. வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குச் சாவதில் ஆட்சேபணை இல்லை. எப்போது சாவது என்பதில்தான் பிடிவாதம். சூரியன் வடக்கே போகும்போதே தானும் போய்விட வேண்டும். திரும்பிவிட்டால் மோட்சத்துக்கு வழி அடைத்துவிடும்.

"ஆடி பொறக்க இன்னும் நாளு கெடக்குதும்மா" என்று பக்கத்து வீட்டார் தைரியம் சொன்னார்கள்.

"ஆடி என்னா ஆடி? அது தப்புன்னு எம்புள்ள சொல்லியிருக்கான். அவன் கம்பி சொல்றதுதான் எனக்கு."

பஞ்சாங்கத்தைத் தாயிடமிருந்து பிடுங்கிப் போட்டவர் இவரேதான். வேறெதையும் கையில் கொடுக்காமல் பிடுங்கினார். இருபத்தைந்து நாட்களை அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டார்.

அந்த வருடம் திருப்பம் ஜூன் இருபத்திரண்டு. காலையில் வழக்கம்போலத் தெருக்கதவில் எழுதினார். கை பழகிவிட்டது. உள்ளே படுத்திருந்த தாயார் அதைப் பார்க்க வழியில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டாளாம்.

"திரும்பிட்டுதாடா?"

"நின்னுகிட்டு இருக்குதும்மா."

இது பொய்யல்ல. திருப்பத்தில் சூரியன் உண்மையாகவே சற்று நிற்கும். ஐந்தாறு நாளைக்கு நிழலில் மூன்று மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் தெரியாது. அந்த ஐந்தாறு நாளும் அவர் உண்மையின் ஓரத்தில் கால் வைத்து நின்றார். அதற்கப்புறமும் அவள் சாகவில்லை.

ஜூலை எட்டாம் தேதி மதியம் அவருடன் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி ஏறினோம். கம்பிக்குத் தெற்கே வெள்ளைக் கோடுகள். கடைசிக் கோடு, திருப்பத்தன்று போட்ட கோட்டிலிருந்து கம்பியை நோக்கி இரண்டு விரற்கடை தள்ளி வந்திருந்தது. அவர் அன்றைய கோட்டைப் போட்டார். இறங்கி வந்தோம். அக்கா தாயாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா சொல்லுது உன் கம்பி?" கிழவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நிக்குதும்மா."

"இன்னுமா?"

"இந்த வருஷம் கொஞ்சம் அதிகமாத்தான் நிக்குது."

அந்த அம்மாள் சிரித்தாள். "எனக்காவத்தான் நிக்குதாட்டம் இருக்குது" என்றாள்.

அக்கா கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் வயதைத் திருத்திய மனிதர், காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, மறுபடியும் காதில் செருகிக்கொண்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவ்வளவு அழகாக யாரும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. சிக்கிக்கொண்டார் என்றுதான் தோன்றிற்று.

பத்தாம் தேதி விடியலில் தாயார் போய்விட்டார். ஆனி இருபத்தாறு. ஆடிக்கு இன்னும் ஒரு வாரம்.

நான் போனபோது கூடம் நிறைந்திருந்தது. உடலை நடுவில் கிடத்தியிருந்தார்கள். அக்கா ஒரு பக்கம் விசிறிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் குந்தியிருந்தார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வில்லியனூரிலிருந்து வந்த மாமா ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"புண்ணியவதி. உத்தராயணத்துலயே போயிட்டா. என்னா மாப்ள, சரிதான?"

அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வருடம் என்னை ஒரு மில்லிமீட்டர் தவறவிடாதவர், இருபத்தைந்து நாளை அப்படியே விழுங்கிவிட்டுத் தலையாட்டுகிறார். அவர் பக்கத்தில் நகர்ந்தேன். ஆறுதல் சொல்லப் போகிறவன் போலத்தான் தோளில் கை வைத்தேன். உங்கள் கணக்கு தெரிந்தவன் இங்கே ஒருவன் இருக்கிறேன் என்று காட்டுவதில் அவருக்குச் சந்தோஷம்கூட இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதோரம் குனிந்தேன்.

"அண்ணே, கம்பிக் கணக்குப்படி திரும்பிப் பத்தொம்பது நாள் ஆச்சில்ல?"

சாவு வீட்டு அழுகையில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். என் ரகசியம் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வாய் அதைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

"பத்தொம்பது இல்ல. பதினெட்டு. இந்த வருஷம் இருபத்திரெண்டு."

எனக்குள் இருந்த தேதி இருபத்தொன்று. பிழை இருந்தது, தும்மல் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. மெதுவாகத் திரும்பி, தாயாரின் முகத்தைப் பார்த்தார். அவள் காதில் விழுந்துவிட்டதோ என்று பார்ப்பது போலப் பார்த்தார். பதினெட்டு நாள் கட்டிக் காத்ததை, அவள் வாசல் தாண்டுவதற்குள், தன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிட்டார்.

அக்காவின் கையில் விசிறி நின்றது. பிறகு ஆடியது. அழுகை மறுபடியும் எழுந்தது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்பது வீட்டில்தான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவர் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள், பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் எழுந்து சாப்பிடப் போனார். மாடியில் கம்பி இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கடிதங்களில் பிழைகள் அப்படியே வெளியே போயின. சில பிழைகளை நான் வேண்டுமென்றே வைத்தேன். ஒரு மார்கழியில் அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, "இன்னைக்குத்தான் வருஷத்துலயே நீண்ட பகலாம்ணே" என்றேன். சின்னக் குழந்தைக்குக்கூட அது தப்பென்று தெரியும்.

"இருக்கும்" என்றார் அவர்.

அடுத்த வைகாசியில் பூக்காரி வடக்குச் சுவரடியிலேயே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "சாரு இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். நான் கூடையைத் தூக்கித் தெற்கே வைத்தேன். "நீ சொன்னா எப்படி?" என்று திரும்பவும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இரண்டு வருடம் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நாளும், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன். 1961இல் அவர் காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேருந்து நிலையத்துக்குப் போக நினைத்தேன், போகவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். அந்தத் தேதியே சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மடித்து வைத்துவிட்டேன். கொஞ்ச நாளில் அங்கிருந்தும் வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

1962இல் ஒரு காலை, பெரிய மார்க்கெட்டில் அவருடைய அக்காவைப் பார்த்தேன். வெண்டைக்காய்களின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்ததை அங்கேயே கொட்டிவிட்டேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா, அவரை நான்தான் கெடுத்தேன், அவர் கம்பியைப் பிடுங்கியது என்னால்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். காய்காரி எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டாள்.

அக்கா ஒரு முற்றின வெண்டைக்காயைக் குவியலில் திருப்பிப் போட்டார்.

"அதுவா தம்பி? நீ வர்றதுக்கு முன்னாடியே, கதவுல எழுதியிருந்ததப் பாத்த நாலு பேரு அவன் காதுல அதச் சொல்லிட்டுத்தான் போனாங்க. அவன் வாயே தொறக்கல. அவங்கல்லாம் பதினெட்டுன்னு சரியாச் சொன்னாங்க."